மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர்: பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்புவதற்கு நாள்கணக்கில் ஆனது. தண்ணீர்த் தொட்டி நிரப்பவும், செல்போன் சார்ஜ் போடவும் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. கறவை இயந்திரம், தட்டை வெட்டும் மெஷின் போன்றவற்றுக்காக நீங்களும் ஒன்றை வாங்கியிருக்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம்.

ஜெனரேட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் இரண்டு. புகையில் உள்ள விஷவாயு ஒன்று. மின்கம்பிக்குள் திரும்பிப் போகும் மின்சாரம் மற்றொன்று. முதலாவது உங்கள் குடும்பத்தைக் கொல்லும். இரண்டாவது, உங்களுக்காகக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொல்லும்.

எங்கே வைப்பது?

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உள்ளது. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீடு, மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை, திண்ணை எதிலும் ஜெனரேட்டரை ஓட்டக்கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்சி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி திறந்தவெளியில் வையுங்கள்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால், அதுவும் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால், உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

வீட்டு பிளக்கில் சொருகலாமா?

கூடவே கூடாது. இரண்டு பக்கமும் பின் உள்ள வயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் இணைக்கும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. அப்படி இணைத்தால் மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே உள்ள கம்பிக்குப் போகும். வீட்டில் 230 வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்பார்மர், இப்போது தலைகீழாக வேலை செய்து அதையே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைத் தொடுபவரின் கதி என்னவாகும்? மின்வாரிய மின்சாரம் திடீரென வந்தால் உங்கள் ஜெனரேட்டரும் எரிந்துவிடும்.

வீட்டு வயரிங்குக்கே மின்சாரம் தர வேண்டுமானால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். இது மின்வாரியம் அல்லது ஜெனரேட்டர், இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும். இல்லையென்றால், இயந்திரத்தை நேரடியாக ஜெனரேட்டரின் பிளக்கிலேயே சொருகுங்கள்.

எத்தனை கேவிஏ தேவை?

1 எச்பி என்பது 746 வாட். இழப்பையும் சேர்த்தால் 1 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் இதைப்போல 3 மடங்கு வரை கேட்கும். கேவிஏ அளவை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 2 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 1,600 வாட்தான். 1 எச்பி மோட்டாரைக் கிளப்பத் திணறும். 4 கேவிஏ இருந்தால் கிளப்பிவிடும். ஒருமுனை ஜெனரேட்டரில் மும்முனை மோட்டார் ஓடாது.

எந்த லோடும் இல்லாமல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் பெரிய மோட்டார், பிறகு சிறியவை. நிறுத்தும்போது முதலில் லோடைத் துண்டியுங்கள்.

வயரும் ஈரமும்

ஈரக்கையால் தொடாதீர்கள். மழை படாதபடி, நாலு பக்கமும் திறந்த கூரையின் கீழ் உலர்ந்த மேட்டில் வையுங்கள். மூன்று பின் உள்ள, ஒட்டுப் போடாத தடித்த வயரையே பயன்படுத்துங்கள். மெல்லிய, நீளமான வயர் சூடாகும். மோட்டாருக்கு வோல்டேஜும் குறையும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தினால் உயிர் காக்கும். எர்த் இணைப்பைக் கையேட்டில் உள்ளபடி எலக்ட்ரீஷியனிடம் செய்து கொள்ளுங்கள்.

எரிபொருள்

ஓடும்போதோ, சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு, பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் ஊற்றுங்கள். மீதி பெட்ரோலை இறுக மூடிய கேனில், வீட்டுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மாதம் ஒருமுறை ஆயில் அளவைப் பார்த்து, சிறிது நேரம் லோடுடன் ஓட்டிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேலையை முடித்துவிடுங்கள். புயல் அடித்த பிறகு எலக்ட்ரீஷியன் கிடைப்பது கடினம்.