ஏட்டில் உறங்கும் இசை

தஞ்சை நாட்டு உழவர்கள் விதைநெல்லைத் தனியே பிரித்து, வைக்கோலால் கோட்டை கட்டிப் பாதுகாத்து வந்தனர். அது உண்பதற்கன்று; அடுத்த பருவத்தில் விதைப்பதற்கு. கோட்டைக்குள்ளேயே ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அவ்விதை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். இசைக்கும் அத்தகைய விதைக்கோட்டை ஒன்று தஞ்சையில் உண்டு. அதுவே சரசுவதி மகால் நூல்நிலையம்.

நாயக்க மன்னர் காலத்தில் அரண்மனை நூலகமாகத் தோன்றி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) ஆர்வத்தால் பெருகி, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்நிலையத்தில் 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. அவற்றுள் இசைச் சுவடிகளும் அடங்கும். அவற்றிற் பல பாடல்கள் இன்று எவர் நாவிலும் இல்லை.

ஏன் அவை வழக்கொழிந்தன? பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, கீதம், ஆலாபம், தாயம், பிரபந்தம் என நான்கையும் இசையின் தூண்களாகக் கொண்டு ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ இயற்றினார். பின்னர் மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் அரங்கை நிறைத்தன. கீதம் தொடக்க மாணவர்க்குரிய பாடமாயிற்று. தாயமும் பிரபந்தமும் மறைந்தன. குறை அவற்றின் தரத்தில் இல்லை. காலத்தின் சுவை மாறிவிட்டது.

இத்தகைய இசையை வெளிக்கொணர்வது ஏட்டைப் பார்த்து அச்சிடும் எளிய வேலையன்று. முதலில், ஒரே பாடலின் பல படிகளை ஒப்பிட்டு, எழுதியோர் செய்த பிழைகளைக் களைதல் வேண்டும். அடுத்து, சுரவெழுத்துகளுக்கு உயிரூட்டுதல் வேண்டும். எழுத்து ‘ரி’ என்று மட்டுமே சொல்லும். அந்தச் சுரம் எவ்வாறு அசைய வேண்டும் என்னும் கமகத்தைச் சொல்லாது. மூன்றாவதாக, இராகத்தின் பெயரையும் அப்படியே நம்பிவிடலாகாது. வேங்கடமகியின் முதல் மேளம் முகாரி; அதன் சுரங்கள் இன்றைய கனகாங்கிக்கு உரியவை. இன்று நாம் கேட்கும் முகாரியோ கரகரப்பிரியாவின் வழியில் வருவது. இவ்வேறுபாட்டை அறியாதவர் பழைய பாடலுக்குப் புதிய உருவத்தைப் பூட்டிவிடுவர்.

அறிஞர் பலர் இப்பணியில் உழைத்துள்ளனர். சென்னை மியூசிக் அகாதெமி 1934-இல் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யையும், 1942-இல் தஞ்சை மன்னர் துளஜாவின் ‘சங்கீத சாராமிருத’த்தையும் வெளியிட்டது. பின்னதில் இராகந்தோறும் கீதம், தாயம் முதலியவற்றிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. வழக்கிழந்த இசையின் துணுக்குகளை அவை இவ்வாறு காத்துத் தந்துள்ளன.

இக்காலத்தில் கணினி விளையாட்டுகளுக்காக இயற்றப்பட்டுப் பயன்படாது ஒதுக்கிய இசையையும் பெட்டகத்திலிருந்து எடுத்து வெளியிடுகின்றனர். ஆயினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அங்கே ஒலியே பதிவாகியிருக்கிறது. எடுத்த மாத்திரத்தில் கேட்கலாம். நம்மிடம் உள்ளதோ எழுத்து மட்டுமே. அதை ஒலியாக மாற்றும் திறம் குருவிடமிருந்து மாணவர்க்கு வாய்வழியாக வருவது. அத்தொடர்ச்சி அறுந்தால், ஏடு செல்லரிக்காமல் இருந்தும் இசை அழிந்ததாகவே முடியும்.

ஆகவே, இசை பயிலும் மாணவர்கள் தெலுங்கு, கிரந்தம், தேவநாகரி ஆகிய எழுத்துகளில் ஒன்றையேனும் கற்றுக்கொள்ளல் நன்று. அச்சேறிய பழங்கீதம் ஒன்றைத் தக்க ஆசிரியரிடம் கொண்டு சென்று பாடிப் பாருங்கள். நூலகம் ஏட்டைக் காக்கும். இசையைக் காக்கவல்லது பாடும் குரலே.