மோத்தா: ஒரு குடும்பப் பெயரின் கதை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது



அரசுப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நாள் வந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் எத்தகைய அமளி ஏற்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறந்த தேதி சரியா, தலைப்பெழுத்து சரியா என்று ஒவ்வொருத்தியும் தன் தாளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, நான் மட்டும் மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்துக் கொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழில் என் குடும்பப் பெயர் 'மோத்தா'. ஓர் அடையாள அட்டையில் அதுவே 'மோட்டா'. நான் முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழிலோ 'மோதா'. வகுப்பாசிரியை மூன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஒரு வாரத்திற்குள் வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வா. மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு" என்றார்கள்.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டையிட்டோம் என்பதே பொருந்தும். "பேசாமல் இனிஷியலோடு விட்டுவிடுவோம். அந்த வால் எதற்கு? போகிற இடமெல்லாம் நீங்கள் கோவாவா, ஆங்கிலோ இந்தியரா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது" என்று அப்பா சொன்னார்கள். பாட்டிக்கு வந்ததே கோபம்! "ஏலே, நான் கலியாணத்துக்கு முந்தி பர்னாந்து. அந்தப் பேரை விட்டுட்டு வந்து இந்தப் பேரை அம்பது வருசம் சுமந்திருக்கேன். நீ ஒரு நிமிசத்துல வெட்டப் பாக்கியே?" என்றார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. என் கையிலோ ஒரு வாரம் இருந்தது. அந்தப் பெயர்தான் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடிக் கிடைத்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பொருள். மோத்தா என்பது போர்த்துக்கீசியச் சொல். ஆற்றங்கரையில் வெள்ளம் ஊருக்குள் புகாமல் இருக்க மண்ணைக் குவித்துக் கட்டும் கரைக்கு அம்மொழியில் இந்தப் பெயர். செடியின் அடியைச் சுற்றி அணைக்கும் மண்ணுக்கும் இதே சொல்தான். முற்காலத்தில் கோட்டை கட்டுவதற்காக எழுப்பிய மண்மேட்டையும் இவ்வாறே அழைத்தார்கள். ஸ்பெயின் நாட்டில் மெதினா தெல் காம்போ என்னும் ஊரில் 'லா மோத்தா' என்று ஒரு பழைய கோட்டை இன்றும் இருக்கிறது. மேட்டின் மேல் நிற்பதால் அதற்கு அந்தப் பெயர். பிரெஞ்சு மொழியில் மேட்டைக் குறிக்கும் 'மோத்' என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்லே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் கோட்டை அகழிக்கு 'மோட்' என்கிறோம் அல்லவா? அதுவும் இதே சொல்தான். மண்ணை வெட்டி மேடாகக் குவித்தால் பக்கத்தில் பள்ளம் விழும். மேட்டுக்கு உரிய பெயரை ஆங்கிலேயர் பள்ளத்திற்குக் கொடுத்துவிட்டார்கள்!

என் தங்கை உடனே, "அப்படியானால் நம் 'மேடு'தான் போர்த்துக்கல்லுக்குப் போய் மோத்தா ஆகியிருக்கிறது" என்று கண்டுபிடித்தாள். அது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனால் பெயர் பிறந்த விதம் நமக்குப் புதியதல்ல. மேட்டுத்தெருவில் குடியிருப்பவரை 'மேட்டுத்தெருக்காரர்' என்று நாம் சொல்வதைப் போலவே, மேட்டருகே அல்லது அந்தப் பெயருடைய ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே அது குடும்பப் பெயராயிற்று. மற்றப் பெயர்களும் இப்படித்தான். பெரேரா என்றால் பேரிக்காய் மரம். கர்வாலோ என்றால் ஓக் மரம். மச்சாடோ என்றால் கோடரி. கோஸ்தா என்றால் கடற்கரை. கொரேரா என்பது தோல்வார். வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் மச்சாடோவிடம் இதைச் சொன்னதிலிருந்து அவள் என்னிடம் சற்று மரியாதையாகவே பழகுகிறாள்.

சரி, போர்த்துக்கல் நாட்டு மண்மேடு தூத்துக்குடிக்கு எப்படி வந்தது?

வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள கடற்றுறைகளில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவ மக்களுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும் இடர் நேர்ந்தது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றிக் கடற்கரையில் கடும் போட்டியும் சண்டையும் மூண்டன. அப்போது கொச்சியில் கப்பற்படையோடு இருந்தவர்கள் போர்த்துக்கீசியர். கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த குதிரை வணிகர் ஒருவர் முன்பே லிஸ்பன் சென்று ஞானஸ்நானம் பெற்று, ஜோவான் தா குரூஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய யோசனையின்படி பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று பாதுகாப்புக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் இக்கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தது 1542-ஆம் ஆண்டில். அவர் வருவதற்கு முன்பே மக்கள் கிறிஸ்தவர்களாகவும், புதுப்பெயர் உடையவர்களாகவும் ஆகியிருந்தனர்.

திருமுழுக்கின்போது சூட்டிய ஒரு பெயரோடு, போர்த்துக்கீசிய ஞானத்தந்தையின் குடும்பப் பெயரும் சேர்ந்து வந்தது. ஆகவே, "உங்கள் முன்னோர் போர்த்துக்கீசியரா?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே: பெயர் வந்தது திருமுழுக்குத் தொட்டியிலிருந்து. இரத்தத்தில் வந்ததன்று. ஒரு போர்த்துக்கீசியப் படைவீரனோ வணிகனோ பீடத்தின் முன் ஒரு தமிழ்க் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றிருப்பான். பிறகு கப்பலேறிப் போயிருப்பான். பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. எல்லோரும் அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். வில்லவராயர், பூபாலராயர் என்னும் தமிழ்ப் பெயர்களை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் நம் ஊரில் உண்டு.

இந்தப் புதுப்பெயர்கள் எவ்வளவு விரைவில் வேர்விட்டன என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்னும் மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் அது. அதை உருவாக்கிய மூவரின் பெயர்கள் வின்சென்ட் நாசரெத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ். மூவரும் தமிழர்! முதல் திருமுழுக்கு நடந்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிராத காலத்தில், 'ஓக் மரம்' என்று பெயர்கொண்ட ஒரு தமிழர் லிஸ்பனில் தமிழை அச்சேற்றிக் கொண்டிருந்தார். அடுத்து அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். 1586-இல் நமக்கு அருகிலுள்ள புன்னைக்காயலிலேயே 'அடியார் வரலாறு' அச்சானது. வரலாற்றுப் பாடத்தில் இதை நாம் இரண்டே வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர். போர்த்துக்கீசியர் போனபின் அவர்களுடைய பெயரையும் சமயத்தையும் மக்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது அதுவன்று. மக்கள் கத்தோலிக்கராகவே நின்றனர், பெயர்களும் நின்றன. டச்சுக்காரருக்குப் பின் ஆங்கிலேயரும் வந்து போனார்கள். பெயர் வாங்கிக் கொடுத்த அரசு போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இனி, இப்பெயருடையோர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம். போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் மோத்தா என்பது அபூர்வமே அல்ல. 1978, 1979-ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கல்லின் பிரதமராக இருந்தவர் கார்லோஸ் மோத்தா பின்டோ. 1946-இல் அமரான்தே என்னும் ஊரில் மனுவேல் அந்தோனியோ த மோத்தா என்பவர் தொடங்கிய ஒரு கட்டட நிறுவனம் இன்று பல நாடுகளில் சாலையும் பாலமும் போடுகிறது. மண்கரை என்று பெயருள்ளவருக்கு எவ்வளவு பொருத்தமான தொழில்! இலங்கையில் ஜெல்லி பாக்கெட்டின் மேல் 'மோத்தா' என்னும் பெயரைப் பார்க்கலாம். நம் கடற்கரையிலிருந்து சென்ற பரதர்களை அந்நாட்டின் 2012-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனி இனமாகவே குறித்திருக்கிறது. என் தாத்தாவும் இளமையில் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர்கள்தாம்.

ஆனால் தமிழ்நாட்டில் இது அருகிய பெயர்தான். பர்னாந்துமார் நம் வகுப்பிலேயே ஒரு பெஞ்சு நிறைய இருக்கிறார்கள். மோத்தா என்று வருகைப் பதிவேட்டில் நான் ஒருத்திதான். பர்னாந்துவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்த்துக்கல்லில் 'பெர்னாந்தோ' என்பது ஆளுக்கு வைக்கும் பெயர். அதன் வழிவந்த 'பெர்னாந்தஸ்' என்பதே அங்கே குடும்பப் பெயர். நம் கடற்கரையிலும் இலங்கையிலும்தான் பர்னாந்து குடும்பப் பெயராகவே ஊன்றிவிட்டது. ஆக, அதிகம் பேர் வைத்திருக்கும் பெயரும் அங்கிருந்து வந்தபடியே இங்கே இல்லை.

என் பெயரும் அப்படித்தான் என்பதை ஐந்தாம் நாள் இரவு கண்டுபிடித்தேன். போர்த்துக்கீசியர் இதை எழுதும்போது 'எச்' என்னும் எழுத்தைப் போடுவதில்லை. அவர்களுடைய 'டி' எழுத்துக்குப் பல்லில் நாக்குத் தொடும் ஒலி, அதாவது நம் 'த்'. நாம் அதே எழுத்துகளை அப்படியே எழுதினால் இங்குள்ளவர்கள் 'மோட்டா' என்றுதான் படிப்பார்கள். (மோட்டா என்றால் இந்தியில் குண்டு என்று பொருள். ஆறாம் வகுப்பில் ஒரு தோழி இதை அறிந்துகொண்டபின் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.) ஆகவே நம் முன்னோர், தமிழர்கள் 'த' ஒலிக்கு வழக்கமாகச் சேர்க்கும் 'எச்'சை நடுவில் சேர்த்தார்கள். தமிழில் எழுதும்போதும் ஒற்றைத் 'தா' போட்டால் ஒலி மெலிந்துவிடும் என்று 'த்' என்னும் ஒற்றைச் சேர்த்து வல்லினமாக்கினார்கள். ஆகவே மூன்று தாள்களில் பிறப்புச் சான்றிதழே சரி. அந்த 'எச்'சும் 'த்'தும் போர்த்துக்கல்லில் இல்லை. அவை இரண்டும் நம்முடையவை.

இதை அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தூத்துக்குடிக்காரருக்கு மண்கரை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லையே. "உப்பளத்து வரப்பு மாதிரி" என்றார்கள். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

மெதுவாக, "எல்லாம் சரி, நீங்கள் மூன்றும் பெண்பிள்ளைகள். கலியாணமானால் பெயர் எப்படியும் போய்விடப் போகிறதே" என்றார்கள். பாட்டியும் இதற்கு மறுமொழி சொல்லவில்லை. பேர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்பதைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஆனால் நம் ஊர்ப்பக்கம் 'ஏ பிள்ள' என்று யாரைக் கூப்பிடுகிறார்கள்? எங்களைத்தானே! அதை நான் சொன்னபோது பாட்டி சிரித்துவிட்டார்கள். போர்த்துக்கல்லில் குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயரும் தந்தையின் குடும்பப் பெயரும் சேர்ந்தே வருவது வழக்கம் என்பதையும் சொன்னேன். தாயின் பெயர் முன்னால், தந்தையின் பெயர் பின்னால். திருமணமானாலும் பெண் தன் பெயரை விடவேண்டியதில்லை. அவர்களிடமிருந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பெயரை வாங்கிக்கொண்ட நாம் இந்த வழக்கத்தையும் வாங்கியிருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வாங்கியிருந்தால் பாட்டியின் பர்னாந்துவும் இன்று என் பெயரில் இருந்திருக்கும்.

ஏழாம் நாள் வகுப்பாசிரியை படிவத்தைக் கொடுத்தார்கள். தமிழில் ஒற்று விடாமலும், ஆங்கிலத்தில் 'எச்' விடாமலும் எழுதினேன். எழுதிய பின்பும் இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மாலையில் அப்பாவின் கையொப்பத்திற்காக வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். அப்பா எப்போதும் இனிஷியலும் பெயரும் மட்டுமே எழுதிக் கையெழுத்திடுவார்கள். வங்கியிலும் அப்படித்தான், என் மதிப்பெண் அட்டையிலும் அப்படித்தான். அன்று பேனாவைத் தாளிலிருந்து எடுக்கப் போனவர்கள், எடுக்காமல், பெயருக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள்.

"ஒற்று இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்று தாளை என்னிடம் நீட்டினார்கள்.