விழிஞம் மண்ணுக்குள் ஆய் அரசு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, மீன் வாடை வீசும் விழிஞத்தில், பாறையைக் குடைந்த சிறு கோயில் ஒன்று உண்டு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் அறிஞர். வெளிப்புறத்துச் சிவன் உருவங்களைச் சிற்பி பாதியிலேயே விட்டுவிட்டான். ஏனோ!

கடலே அகழியாக அமைந்த விழிஞக் கோட்டையை அழித்ததாகப் பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு பெருமை பேசுகிறது. இது வென்றவன் வாக்கு. தோற்ற ஆய் வேளிர் தரப்பை யார் சொல்வது? மண்தான். கேரளப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டியபோது மேற்காசிய மெருகுப் பானை ஓடுகள் கிடைத்தன. ஆக, இது வெறும் கோட்டையல்ல. கடல் கடந்து வாணிபம் நடந்த துறை.

2025 மே 2-இல் இங்கே புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ராட்சதக் கப்பல்களை வேடிக்கை பார்க்கப் போகும் நம்மவர், பழங்கோட்டையின் எஞ்சிய கற்சுவரையும் எட்டிப் பார்க்கலாம். சுற்றிலும் வீடுகள் நெருக்குகின்றன.