எல்லை தாண்டினால் துப்பறிவாளரே குற்றவாளி! தெரியுமா?

ஒருவரைப் பற்றி ரகசியமாக விசாரித்துச் சொல்வது பல நாடுகளில் லைசென்ஸ் வாங்கிச் செய்கிற தொழில். விமானம் ஏறி அடுத்த நாட்டில் இறங்கினால் அதே வேலைக்கு ஜெயில்! நம்ப முடியவில்லையா? படியுங்கள்!

256 தகவல்களுக்கு இரண்டரை வருடச் சிறை! தெரியுமா? பீட்டர் ஹம்ஃப்ரி, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்த ஆங்கிலேயர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மனைவி யூ இங்ஸெங்குடன் சேர்ந்து சீனாவில் விசாரணை நிறுவனம் நடத்தினார். வாடிக்கையாளர்கள் யார்? பிரிட்டனின் மருந்து நிறுவனமான கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் உட்படப் பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள்! 2013 ஜூலையில் இருவரும் கைது. குற்றம்? சீனக் குடிமக்களின் குடும்பப் பதிவு, பயண விவரம், போன் விவரம் என்று 256 தகவல்களைக் காசு கொடுத்து வாங்கியது! விலை எவ்வளவு தெரியுமா? ஒன்றுக்கு 800 முதல் 2,000 யுவான் வரை! 2014 ஆகஸ்ட் 8-ம் தேதி ஷாங்காயில் ஒரே நாளில் விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு! கணவருக்கு இரண்டரை வருடம், மனைவிக்கு 2 வருடம். அபராதம் தனி! இது இங்கே சட்டவிரோதம் என்று தெரியாது என்றார் மனைவி. ஊர் உலகத்து ரகசியங்களையெல்லாம் விசாரித்தவர்களுக்கு இது தெரியாமல் போயிற்றாம்!

இன்னொரு வேடிக்கை! சீனாவில் தனியார் டிடெக்டிவ் ஏஜென்சி நடத்தவே 1993-லிருந்து தடை! பிறகு எப்படி நடக்கிறது? ‘ஆலோசனை நிறுவனம்’ என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்! போர்டு காப்பாற்றுமா? 2023 மார்ச்சில் மின்ட்ஸ் குழுமம் என்ற அமெரிக்க விசாரணை நிறுவனத்தின் பெய்ஜிங் அலுவலகத்தில் திடீர் சோதனை. சீன ஊழியர்கள் 5 பேரைப் பிடித்துப் போனார்கள். அனுமதியில்லாமல் தகவல் திரட்டியதற்கு அந்த நிறுவனத்துக்கு அபராதம் ஒரு கோடி யுவானுக்கும் மேல்!

யாரைத் துப்பறிகிறீர்களோ, அவருக்கே கடிதம் போட்டுச் சொல்ல வேண்டும்! கேட்டதுண்டா? 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒருவரைப் பற்றிய தகவலை வேறிடத்தில் திரட்டினால், அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்! சொன்னால் விசாரணையே பாழாகும் என்று காட்ட முடிந்தால் விலக்கு உண்டு. மீறினால்? 2 கோடி யூரோ, அல்லது உலகம் முழுக்க அந்த நிறுவனம் செய்யும் வியாபாரத்தில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம்!

‘நாங்கள் சென்னையில் அல்லவா இருக்கிறோம்!’ என்கிறீர்களா? அதுவும் செல்லாது! ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் நிறுவனம் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இந்தச் சட்டம் பாயும்! அவர் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மியூனிக்கில் வேலை பார்க்கும் மதுரை மாப்பிள்ளைக்கும் இதே பாதுகாப்புதான்!

நடந்த நடையைக் குறித்து வைத்ததற்கு நஷ்டஈடு! ஜெர்மனியில் ஒரு நிறுவனம், உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட ஊழியர் பின்னால் ஆள் அனுப்பியது. போனவர்கள் அவர் எப்படி நடக்கிறார் என்பதையும் எழுதி வைத்தார்கள். விடுமா நீதிமன்றம்? ஒருவரின் நடை அவர் உடல்நிலையைக் காட்டும், எனவே அது உடல்நலத் தகவல் என்று சொல்லிவிட்டது! 2024 ஜூலையில் அந்நாட்டின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் ஊழியருக்குக் கொடுக்கச் சொன்ன தொகை 1,500 யூரோ!

கார் ஒன்றுதான், கருவி ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் இரண்டு! அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மனைவி, துப்பறிவாளர் யோசனைப்படி குடும்பக் காரில் ஜிபிஎஸ் கருவியை ஒளித்து வைத்தார். கணவர் வழக்குப் போட்டார், 2011-ல் தோற்றார்! பொதுச் சாலையில் போன காருக்கு என்ன அந்தரங்கம் என்று கேட்டது நீதிமன்றம். ஜெர்மனியில்? காரில் ரகசியமாக ஜிபிஎஸ் பொருத்தி ஆளைப் பின்தொடர்வது பொதுவாகக் கிரிமினல் குற்றம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது! கருவியோடு விமானம் ஏறும் துப்பறிவாளர் கதி என்ன?

போனில் பேசுவதைப் பதிவு செய்யலாமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்தால் போதும். கலிஃபோர்னியாவில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்! சரி, ஜார்ஜியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பேசினால்? கலிஃபோர்னியா சட்டம்தான் என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம், 2006-ல்! ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து!

பால்கனியை எட்டிப் பார்க்கலாமா என்பதற்கு ஒரு நாடே ஓட்டுப் போட்டது, தெரியுமா? சுவிட்சர்லாந்தில் காப்பீட்டு நிறுவனம் ஒரு பெண்மணியை ஆள் வைத்துக் கண்காணித்தது. அதற்குச் சரியான சட்டம் இல்லை என்று 2016-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்டியது. பிறகு சட்டம் எழுதினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2018 நவம்பரில் வாக்கெடுப்பு! கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள். தெருவிலிருந்து தெரிகிற பால்கனி என்றால் பார்க்கலாமாம்! ஆறு மாதத்தில் அதிகபட்சம் 20 நாள் கண்காணிக்கலாம்! ஸ்பெயினில் கதையே வேறு. ஒருவர் வீட்டுக்குள் நடப்பதை விசாரிக்கத் துப்பறிவாளருக்கு அடியோடு தடை!

ஜப்பானில் துப்பறிவாளரை அமர்த்தப் போனால் முதலில் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்! என்னவென்று? ‘கிடைக்கும் தகவலைக் குற்றத்துக்கோ பாகுபாட்டுக்கோ பயன்படுத்த மாட்டேன்’ என்று! 2007 முதல் இது சட்டம். அதற்கும் முன்பே, 1985-ல், ஒசாகாவில் ஒரு விதி வந்தது. ஒருவர் புராக்கு என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரா என்று துருவக் கூடாது! கல்யாணத்துக்கும் வேலைக்கும் அங்கே அப்படித் துருவினார்கள். கேட்ட கதையாக இருக்கிறதா?

தென்கொரியாவில் ‘துப்பறிவாளர்’ என்று போர்டு மாட்டவே 2020 ஆகஸ்டில்தான் அனுமதி வந்தது! பிரிட்டனிலோ இன்றுவரை இந்தத் தொழிலுக்கு லைசென்ஸே தேவையில்லை! ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்த மண்ணாயிற்றே!

ஒரு முகவரியால் ஓர் உயிர் போயிற்று! 1989-ல் அமெரிக்க நடிகை ரெபெக்கா ஷேஃபரை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு வெறி ரசிகன் சுட்டுக் கொன்றான். முகவரி எப்படிக் கிடைத்தது? அரிசோனாவில் ஒரு துப்பறிவாளருக்குப் பணம் கொடுத்தான். அவர் கலிஃபோர்னியா வாகனப் பதிவுத் துறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்! வாகன ஓட்டிகளின் விவரத்தைக் காக்க 1994-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இதில் இந்தியா எங்கே வருகிறது என்கிறீர்களா? வருகிறது! அவிராம் அஸாரி என்ற இஸ்ரேலியத் துப்பறிவாளர், பிறரின் மின்னஞ்சல்களைத் திருட யாரை அமர்த்தினார் தெரியுமா? இந்தியாவில் இருந்த ஹேக்கர்களை! ஐந்தே வருடத்தில் அவர் பார்த்த காசு 48 லட்சம் டாலருக்கு மேல்! 2019-ல் அமெரிக்காவுக்குப் போனார், மாட்டினார். 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் கொடுத்த தண்டனை 80 மாதச் சிறை! ஆள் இஸ்ரேல், கணினி இந்தியா, ஜெயில் அமெரிக்கா!

நம் நாட்டில் துப்பறியும் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் உண்டா? கிடையாது! 2007-ல் ராஜ்யசபாவுக்கு மசோதா ஒன்று வந்தது. சட்டமாகாமலே திரும்பிப் போனது! ஆனால் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்!

வெளிநாட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சென்னையில் ஏஜென்சியைத் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பேங்க் விவரம், போன் விவரமெல்லாம் எப்படி எடுப்பீர்கள்?’ ‘அதுக்கெல்லாம் நமக்கு உள்ளே ஆள் இருக்கு சார்!’ என்று பதில் வந்தால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்!