மிச்சிலும் எச்சிலும்

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில், ஆங்கில இல்லத்துச் சமையல் பற்றிய பந்தியொன்றை மாணவர்க்குக் கொடுத்திருந்தேன். ஞாயிறன்று வாட்டிய இறைச்சியில் எஞ்சியதைக் கொண்டு மறுநாள் 'பை' செய்யும் முறை அதிற் கூறப்பட்டிருந்தது. மாணாக்கன் ஒருவன் 'எச்சில் இறைச்சிப் பை' என்று எழுதி வந்தான். வகுப்பு நகைத்தது. சந்தைக்குக் கொண்டுசெல்லும் துணிப்பை அவர்தம் கண்முன் தோன்றியது போலும். அது சிறுபிழை. எச்சில் என்றதே பெரும்பிழை.

வாய்பட்டதே எச்சில். ஆங்கிலர் முழுத்துண்டாக வாட்டிய இறைச்சியை மேசையில் அரிந்து அவரவர்க்கு இடுவர். அரியாது எலும்போடு நின்றதே மறுநாளைக்கு உரியது. அதனை எச்சில் எனல் எங்ஙனம் பொருந்தும்? "காலையிலே பழஞ்சோறு குழைத்துக் கையில் வைக்கும் தாயிடம், எச்சிற்சோறு என்பாயோ?" என்றேன். அவன் தலை குனிந்தான். அவ்வளவு கடுமை வேண்டியிருக்கவில்லை என்று பின்னர் வருந்தினேன்.

விருந்தினரை உண்பித்தபின் இருப்பதைத் திருவள்ளுவர் 'மிச்சில்' என்றார். அதனை உண்பானைச் சிறப்பித்தும் கூறினார். அவரே புகழை 'எச்சம்' என்றார். எச்சமும் எச்சிலும் ஒருவேர்ச் சொற்களே. வழக்கு ஒன்றனை உயர்த்தி மற்றதனைத் தாழ்த்திவிட்டது.

யான் ஊன் உண்ணாதவன். ஆயினும் பொருளறியாது மொழிபெயர்த்தல் தகாதென்று, இங்கிலாந்தில் வாழ்ந்து மீண்ட நண்பரின் மனைவியாரிடம் செய்முறையைக் கேட்டறிந்தேன். எடையிற் கோதுமை மா இரு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு. குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் மாவிற் பிசிறி, அது பாண்துகள் போலானதும் குளிர்நீர் தெளித்துத் திரட்டி, அரைமணி நேரம் குளிரில் வைப்பர். வெண்ணெய்த் துணுக்குகள் உருகாதிருந்தாற்றான் மூடி பொருபொருப்பாகும். முன்னரே உருகினால் எண்ணெயூறிய தடித்த அடையே கிடைக்கும்.

எலும்பை நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்துச் சாறெடுப்பர். வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வெண்ணெயில் வதக்கி, சிறிது மாத் தூவி, அச்சாற்றை ஊற்றிக் கிளறக் குழம்பு தடிக்கும். துண்டாக்கிய இறைச்சியை இறுதியிலேயே சேர்ப்பர். முன்னரே வெந்த அதனை மீண்டும் வேகவிடின் நாராகும். கலவை நன்கு ஆறியபின் ஆழ்ந்த கலத்திலிட்டு, மாவை விரித்து மூடி, நடுவே கீறல் இடுவர். நீராவி வெளியேற வழியின்றேல் மூடி நனைந்து குழையும். போறணையில் 200 பாகை செல்சியசில் ஏறக்குறைய 40 நிமிடம். கீறலினூடே குழம்பு கொதித்தெழும்வரை உள்ளே முற்றச் சூடேறவில்லை என்க.

இஃது அவர்களுக்கு இழிவான சமையல் அன்று. 1861 இல் நூலாக வெளிவந்த இசபெல்லா பீற்றனின் இல்லநடத்தை நூலில், பல செய்முறைகளின் தலைப்பிலேயே 'ஆறிய இறைச்சிச் சமையல்' என்ற குறிப்பு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பங்கீடு வந்தபோதோ இறைச்சியை நிறையால் அன்றி விலையால் அளந்து கொடுத்தனர். 1940 இல் தொடங்கிய அவ்விறைச்சிப் பங்கீடு 1954 யூலையிலேயே நீங்கிற்று. எலும்பில் ஒட்டிய துணுக்கை வைத்து வீட்டார் அனைவருக்கும் உணவாக்கிய இல்லாளின் கைத்திறனை, 'எச்சில்' என்ற ஒரு சொல் எவ்வளவு எளிதாக அழித்துவிடுகின்றது!

இனி, 'பை' என்பதற்கு என் செய்வது? மத்தியகால ஆங்கிலர் அம்மாக்கூட்டைப் பேழையெனப் பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர். தடித்த அக்கூடு உள்ளீட்டைத் தாங்கும் கலமுமாயிற்று. அச்சொல் இன்று சவப்பெட்டிக்கே உரியதாகிவிட்டது. இதனை வகுப்பிற் கூறினேன்.

மறுநாள் அம்மாணாக்கன் 'மிச்சில் இறைச்சிப் பேழை' என்று திருத்தி எழுதி வந்தான். பேழை சிறிது அச்சந் தருவதே. ஆயினும் துணிப்பையினும் நன்றென்று புள்ளியிட்டேன்.