குதிகாலுக்கு ஒரு ஸ்டூல்

உழைக்கும் உடம்பு – 11

காசிமேட்டு ஏலத்துக்குப் போகிற பெண்களுக்கு விடியலுக்கு வெகு முன்பே நாள் தொடங்கிவிடும். பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் சுரீர் என்று ஏறும். "ஆணி அடிச்ச மாதிரி இருக்குதும்மா, காலை ஊனவே முடியல" என்பார்கள். சுவரைப் பிடித்தபடி பத்துத் தப்படி நடந்தால் வலி மட்டுப்படும். போய்விட்டது என்று நம்பி, ஐஸ் தண்ணீர் ஓடும் சிமெண்டுத் தரையில் மணிக்கணக்கில் நின்று வியாபாரம் முடித்து, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே ஆணி.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துப் போடும் பெண்களிடமும் இதே பேச்சைக் கேட்கலாம். ஸ்டான்லி மருத்துவமனை வார்டுகளில் ஓடும் செவிலியர்களிடமும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் பாதுகாப்பு ஷூ மாட்டிக்கொண்டு லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் கேட்கலாம். எல்லோரும் இதைத் தங்கள் உடம்பின் குறையாகவே சொல்கிறார்கள். வயசாயிடுச்சு, வெயிட் போட்டுட்டேன், வாதம். உடல் எடை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. கெண்டைக்கால் தசை இறுகிப்போவதும் காரணம். ஆனால் கடினமான தரையையும் அதில் நிற்கும் நேரத்தையும் விட்டுவிட்டுப் பேசினால் பாதி வைத்தியம்தான் நடக்கும். மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை அந்தத் தரையை ஒன்றும் செய்யாது.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரைக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பட்டைதான் நாண். கட்டைவிரலை மேலே மடக்கினால் நாண் இறுகும், வளைவு உயரும். ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் பட்டையும் கெண்டைக்கால் தசையும் தளர்ந்து குறுகுகின்றன. காலையில் முழு உடம்பின் பாரமும் ஒரே அடியில் விழும்போது, குறுகிக் கிடந்த பட்டை குதிகாலோடு ஒட்டும் இடத்தில் இழுபடுகிறது. முதல் அடி வலியின் கதை இதுதான்.

நாட்பட்ட வலியில் அந்த இடம் வீங்கிச் சிவந்து கிடப்பதாகத்தான் நெடுங்காலம் மருத்துவர்களே நினைத்தார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களைச் சோதித்து 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. அழற்சியின் அடையாளம் அங்கே இல்லை. நார்கள் நைந்து சிதைந்திருந்தன. நைந்த நாருக்கு வேண்டியது, சுமையைக் குறைத்து, பிறகு பொறுமையாகப் பலம் ஏற்றுவது. அழற்சியை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதால் வயிறும் சிறுநீரகமும்தான் அடிவாங்கும். ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், வீடே கலங்கிவிடும். அப்படி வளர்ந்த முள் எலும்போடு வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். முள் இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் உண்டு. அதைச் செதுக்கி எடுத்தால்தான் குணமாகும் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டை அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. ஊசியின் நிம்மதியில் அன்றைக்கே பழையபடி நிற்கப் போவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஓராண்டு என்பது அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு நீண்ட காலம். அந்த ஓராண்டைச் சுருக்கும் வழிகளில் காசு செலவில்லாதவை இரண்டு. முதலாவது, பாயை விட்டு எழும் முன்பே செய்ய வேண்டியது. உட்கார்ந்த நிலையில் வலிக்கிற காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டுக்கொண்டு, ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நாண் விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. நாட்பட்ட வலியோடு வந்த 101 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட இப்படி விரலை இழுத்துப் பயிற்சி செய்தவர்கள் எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும், எழுவதற்கு முன்பு செய்வதுதான் இதில் முக்கியம். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம்.

இரண்டாவது பலம் ஏற்றும் பயிற்சி. வாசற்படியின் விளிம்பில், சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, முன்பாதத்தை ஊன்றி, குதிகால் வெளியே தொங்கும்படி நிற்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணி உயர்ந்து, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். பன்னிரண்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். டென்மார்க்கில் 48 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதை ஒற்றைக் காலில், முதுகுப் பையில் எடை ஏற்றிச் செய்யச் சொன்னது. வெறும் நீட்டல் செய்தவர்களைவிட இவர்கள் மூன்று மாதத்தில் முந்தினார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் சமமாக இருந்தார்கள். வயதானவர்கள் இரண்டு காலிலும் நின்று தொடங்கலாம். முதல் சில நாள் வலி கொஞ்சம் கூடும், அதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம்.

வடசென்னை வீடுகளில் இன்னொரு வைத்தியம் உண்டு. செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே எருக்கிலையை அடுக்கி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பார்கள். இதமான சூடு தசையைத் தளர்த்தும், அந்த சுகம் பொய்யல்ல. ஆனால் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது பேராபத்து. சூடு தெரியாமலே தோல் வெந்து, புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைவரை போகும். சர்க்கரை உள்ளவர்கள் செங்கல்லையும் தொடக்கூடாது, ஐஸ் ஒத்தடமும் கொடுக்கக்கூடாது. பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, பஞ்சில் நடப்பது போலிருக்கிறது என்றால் அதைக் குதிகால் வலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1948-இல் ஸ்டான்லியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதன், 1954-இல் மருத்துவமனை நிறுவியது இதே வடசென்னையில், ராயபுரத்தில்தான். நீரிழிவுப் பாதம் குறித்த இந்திய ஆய்வுகளில் கணிசமானவை அங்கிருந்து வந்தவை.

அந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் பொருள், நம் ஊர்ச் செருப்புக் கடைகளில் எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்கும் செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு நோய் மட்டும் காரணமில்லை, உணர்ச்சியற்ற காலால் ஓயாமல் நடப்பதே காரணம் என்று கண்டறிந்தார். நடக்கும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் செருப்பைத் தேடும் வேலை வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் மையத்திலும் நடந்தது. ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் காலுக்காகத் தொடங்கிய தேடல் இன்று நம் எல்லோர் காலுக்கும் உதவுகிறது என்பதை நினைக்கையில் எனக்கு மனம் நெகிழ்கிறது.

குதிகால் வலிக்காரர்கள் செருப்பில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தேய்ந்து தட்டையாகிவிட்ட ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். குதிகால் பக்கம் சற்றே உயரமாக, பின்பட்டையோடு இருந்தால் நல்லது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்யும் உள்பாதம் தேவையா என்று கேட்பவர்களுக்கு, 2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பதில் வைத்திருக்கிறது: கடையில் கிடைக்கும் சாதாரண உள்பாதமும் அதே அளவு பலன் தந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் நமக்கு இல்லை. டைல்ஸ் தரையில் சமையல் வேலையாக இரண்டு மணி நேரம் வெறுங்காலோடு நிற்பதும் நிற்பதுதான். வெளியே போகாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம், வாசல் தாண்டாத செருப்பு அசுத்தமில்லை.

இனி ஸ்டூலுக்கு வருவோம். எவ்வளவு பயிற்சி செய்தாலும் பத்து மணி நேரம் உட்காராமல் நின்றால் அன்றன்று தேறியது அன்றன்றே போய்விடும். நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே எழுதியது. கடைகளுக்கு அது வர இன்னும் எழுபது ஆண்டுகளாயின. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காருவதற்காக. 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஸ்டூல் வந்த கடைகளிலும் உட்காரத் தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். வாடிக்கையாளர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. நாம் உள்ளே நுழைந்ததும் அவர் பதறி எழ வேண்டியதில்லை. "உட்காருங்கம்மா, பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்ல நமக்கு எதுவும் செலவில்லை. இருக்கையே இல்லாத கடை என்றால் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். தனி ஆளாகக் கொடுப்பதைவிடச் சங்கத்தின் வழியாகக் கொடுப்பது வேலைக்குப் பாதுகாப்பு.

கூடையோடு தெருவில் விற்பவர், ஏலத்தளத்தில் நிற்பவர் யாரும் 22-அ பிரிவுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு முதலாளி இல்லை, தரை மட்டும் இருக்கிறது. இப்போதைக்கு அவர்களே நாலாக மடித்த சாக்கைக் காலடியில் போட்டுக்கொள்கிறார்கள், நல்ல யோசனைதான். ஒரு காலை மாற்றி ஒரு காலைச் சிறிய பலகைமேல் வைத்து நிற்பதும் உதவும். துறைமுகத்திலும் மார்க்கெட்டுகளிலும் புதிய விற்பனைத் தளங்கள் கட்டும்போது, மேடையை உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி மீன் வெட்டி விற்கும் அளவுக்கு அமைக்க வேண்டும், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு பதிக்க வேண்டும். வரைபடம் போடும் நாளிலேயே விற்கும் பெண்களைக் கூப்பிட்டு உயரம் கேட்க வேண்டும்.

மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாத சில நிலைகளையும் சொல்லிவிடுகிறேன்: இரவில் படுத்திருக்கும்போதும் குறையாத வலி, வீக்கத்தோடு காய்ச்சல், உயரத்திலிருந்து குதித்த பிறகு வந்த வலி, குதிகாலை இரு பக்கமும் அழுத்தினால் உயிர்போகும் வலி, இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் இறுகிக் கிடப்பது. இவற்றின் காரணம் வேறாக இருக்கலாம்.

(அடுத்த வாரம்: சுமை தூக்குவோரின் தோள்பட்டை)