வலிக்காமல் வளையும் பாதம்

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. நெடுநாளாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் சிலர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மறதி என்று நாமும் விட்டுவிடுவோம். ஆனால், உள்ளங்கால் உணர்வை இழந்துவருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

பெரியவர்களின் பாதம் உருமாறப் பல காரணங்கள் உண்டு. பரம்பரை வாகோடு முனை குறுகிய காலணியும் சேர்ந்தால் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு துருத்தும். உள்கணுக்காலை ஒட்டி ஓடும் தசைநாண் நைந்துபோனால், நன்றாக இருந்த பாதம் நடுவயதில் தட்டையாகும். முடக்குவாதமும் விரல்களைக் கோணச் செய்யும். இவற்றில் பெரும்பாலும் வலி இருக்கும். வலி நம்மை மருத்துவரிடம் அனுப்பிவிடும். வலி இல்லாமலோ லேசான வலியோடோ பாதத்தைச் சிதைப்பதுதான் ‘சார்கோ பாதம்’.

என்ன நடக்கிறது?

பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் சார்கோ 1868இல் இந்த மூட்டுச் சிதைவை விவரித்தார். அவர் பார்த்தது மேகநோயால் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களை. இன்று இதற்கு முதன்மைக் காரணம் சர்க்கரை நோய்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். படியில் இறங்கும்போது கால் லேசாகப் பிசகினால், வலி நம்மை உட்கார வைத்துவிடும். சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவர் தொடர்ந்து நடப்பார். உள்ளே அழற்சி மூளும், எலும்பு வலுவிழக்கும், உடல் எடை தாங்காமல் நொறுங்கும். பாதத்தின் வளைவு சரிந்து, படகின் அடிப்பக்கம்போல் கீழே புடைத்துவிடும். புடைத்த இடத்தில் புண் வரும். புண் எலும்பு வரை போனால் காலையே இழக்க நேரிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காயம் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்திருக்கும். புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். அந்தப் பாதம் சூடாகத் தெரியும். பெரும்பாலும் 2 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வித்தியாசம் இருக்கும். இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பதும், கிருமித்தொற்று என்று நினைத்து மாத்திரை விழுங்குவதும் நாளைக் கடத்தும். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

சிகிச்சை

முதல் மருந்து, அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டை முழங்காலுக்குக் கீழ்வரை போடுவார்கள். வீக்கம் வடிய வடியக் கட்டை மாற்ற வேண்டும். சூடு தணிந்து எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும். பாதம் நிலைகுலைந்திருந்தாலோ புண் ஆறாவிட்டாலோ அறுவைசிகிச்சை தேவைப்படலாம்.

இந்தக் கட்டுக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி உணர்வை இழந்ததுதான் என்று காட்டினார். அவர்களின் புண்களை மாவுக்கட்டு போட்டு ஆற்றினார். அந்த அனுபவம்தான் பின்னாளில் அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. இன்று பலர் அணியும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளின் கால்களைக் காக்கப் பயன்பட்டதுதான்.

காக்கும் வழி

தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிய பிறகே அணியுங்கள். கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள். உச்சிவெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, மெல்லிய நைலான் இழையால் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அங்கே ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், பாதத்தையும் காட்டுங்கள். வழியில் செருப்பு கழன்ற கதையையும் சொல்லுங்கள்.